கருப்புக் கட்டையில் தொடங்கிய மங்களம்

கீபோர்டு வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பியானோ வாசிக்கத் தெரிந்தவர் என்று படிவத்தில் எழுதிக் கொடுப்பது பொய்யா, பிழையா? மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதி ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு, இந்தக் கேள்விக்கு நான் அவசரமாக விடை காண வேண்டியிருந்தது. எழுதிக் கொடுத்தவள் நான். யாரைப் பற்றி எழுதினேனோ அவர் என் அண்ணி. அந்த நேரத்தில் அவர் ஒரு பெரிய பழுப்பு நிறப் பியானோவின் அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார். பச்சைப் பட்டுப் புடவையின் கொசுவமும் இரண்டு பாதங்களும் மட்டுமே வெளியே தெரிந்தன. பிளக் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

“பாப்பா, இதுக்கு ஒயரே இல்லடி!” என்று பியானோவின் வயிற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. இருபத்தாறு வயதாகியும் அண்ணிக்கு நான் பாப்பாதான். “மெயின் சுவிட்சு வெளிய எங்கனா கீதா பாரு.”

கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் துணியை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தார். “யம்மா, வெளிய வா. அது கரண்டுல ஓடற வண்டி இல்ல. சும்மா அமுக்கு, அதுவா கத்தும்.”

அண்ணி வெளியே வந்தார். கூந்தலில் ஒட்டடை. என்னைப் பார்த்தார், பியானோவைப் பார்த்தார், பிறகு மிகவும் மெதுவாகக் கேட்டார்: “அப்ப பட்டன்?”

அந்தப் பொத்தானைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அண்ணி திருப்போரூருக்கு உள்ளே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய அப்பா நிலத்தின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விட்டுவிட்டு இப்போது இரண்டு லோடு வண்டிகள் ஓட்டுகிறார். பள்ளி விடுமுறை வகுப்பு ஒன்றில் கீபோர்டு பழகிய அண்ணி, என் அண்ணனைக் கட்டிக்கொண்டு ஊரப்பாக்கத்துக்கு வந்த பிறகும் அதை விடவில்லை. செங்கல்பட்டில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் எட்டு ஆண்டுகளாக வாசித்துவந்தார். கல்யாண வரவேற்புகள், கோயில் திருவிழாக்கள், திறப்பு விழாக்கள். இந்தக் குழுக்களில் பெண்கள் முன்னால் நின்று பாடுவார்கள், ஆண்கள் பின்னால் உட்கார்ந்து வாசிப்பார்கள். பின்னால் உட்கார்ந்த ஒரே பெண் அண்ணி. அவருக்குத் தரப்பட்டிருந்த இடம் இரண்டாவது கீபோர்டு. முதல் கீபோர்டுக்காரருக்குத் தேநீர் குடிக்கப் போக வேண்டியிருந்தால் மட்டும் அது முதல் கீபோர்டாகும்.

பாடகர்கள் வந்து “அஞ்சு கட்டை”, “ரெண்டரைக் கட்டை” என்று தங்கள் சுருதியைச் சொல்வார்கள். ஆர்மோனியத்தில் தொடங்கிய வழக்கம் இது. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு எண் உண்டு, கருப்புக் கட்டையாக இருந்தால் அரை சேரும். யார் எந்தக் கட்டையைச் சொன்னாலும் அண்ணியின் விரல்கள் வெள்ளைக் கட்டைகளில் ஒரே இடத்தில்தான் நடக்கும். சுருதியை ஏற்றி இறக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் மீதியைக் கருவி பார்த்துக்கொள்ளும். அண்ணியின் சொந்தக் குரல் ஐந்தரைக் கட்டை. அதற்கு மைனஸ் நாலு அழுத்த வேண்டும். மறந்துவிடக் கூடாது என்று ஸ்டிக்கர் பொட்டால் அடையாளம் வைத்திருந்தார். குழுவில் எல்லோரும் அப்படித்தான். அதை யாரும் குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

அண்ணி பாட்டும் எழுதுவார். கோடு போடாத நோட்டு ஒன்றில் பதினொரு பாட்டுகள் இருந்தன. வீட்டு உரிமையாளர் தண்ணீருக்குப் பத்து நிமிடம் மட்டும் மோட்டார் போடுவதைப் பற்றி ஒன்று. திருப்போரூர்ச் சாலையில் கலர்க் கொடிகள் நட்டுக் காத்திருக்கும் காலி மனைகளைப் பற்றி ஒன்று. மின்சார ரயிலின் பெண்கள் பெட்டியில் கீரை ஆய்ந்துகொண்டே வருகிறவர்களைப் பற்றி ஒன்று. அவற்றை எங்கள் வீட்டுச் சமையலறைக்கு வெளியே யாரும் கேட்டதில்லை. ஒருமுறை ஆர்கெஸ்ட்ரா தலைவரிடம் அண்ணி கேட்டபோது நானும் உடன் இருந்தேன்.

“சொந்தப் பாட்டா? கல்யாணத்துக்கு வர்றவன் தெரிஞ்ச பாட்டத்தாம்மா கேப்பான்” என்றார் அவர், கோபமில்லாமல்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அண்ணி சொன்னார்: “தெரியாத பாட்டு எப்பதான் பாப்பா தெரிஞ்ச பாட்டு ஆவும்?”

நான் சமூகப்பணி படித்தவள். திருப்போரூர்ப் பக்கத்து மகளிர் குழுக்களோடு வேலை. விண்ணப்பங்கள் எழுதிக் கொடுப்பதுதான் அதில் பாதி. எந்தக் கட்டத்தில் எந்தச் சொல்லைப் போட்டால் ஒரு பெண்ணுக்குக் கதவு திறக்கும் என்பதை யோசிப்பது பழக்கமாகிவிட்டது. ஆகவே ஒரு நாள் ரயிலில் கைபேசியில் அந்த விளம்பரத்தைப் பார்த்ததும் என் கை துறுதுறுத்தது. கடற்கரை விடுதியின் ஞாயிறு மதிய விருந்தில் பியானோ வாசித்துக்கொண்டே பாடக்கூடிய பெண் கலைஞர் தேவை. சொந்தப் பாடல்கள் இருந்தால் நல்லது.

சொந்தப் பாடல்கள் இருந்தால் நல்லது. அந்த வரியைக் கூடுவாஞ்சேரிக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில் மூன்று முறை படித்தேன். வீட்டுக்குப் போவதற்கு முன்பே நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டேன். வாசிக்கும் கருவி என்ற இடத்தில் ‘பியானோ’ என்று எழுதினேன். எங்கள் பக்கத்தில் இரண்டுக்கும் ஒரே பேச்சுதான். கருப்பும் வெள்ளையுமாகக் கட்டை இருந்தால் பியானோ, தூக்கிக்கொண்டு போனால் கீபோர்டு. வித்தியாசம் எடையில்தான் இருக்கிறது என்று நான் உண்மையிலேயே நம்பியிருந்தேன்.

விடுதியின் மேலாளரான அம்மா இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் பேசினார். “ஒரே ஒரு ஞாயிறு டிரையல் மேடம். கெஸ்ட் உக்காந்து கேட்டாங்கன்னா வாரா வாரம் நீங்கதான். எழுந்து போயிட்டாங்கன்னா, சாரி, பழையபடி ஸ்பீக்கர்ல பாட்டு போட்டுக்குவோம். நீங்க எதையும் தூக்கிட்டு வர வேண்டாம், பியானோ இங்கயே இருக்கு.”

தூக்கிக்கொண்டு போக வேண்டாம் என்பதற்காகவே நாங்கள் அன்று வீட்டில் கேசரி கிண்டினோம். செங்கல்பட்டில் ரயிலிறங்கி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் கீபோர்டு பெட்டியோடு ஏறியிருக்கிறவர்களுக்கே அந்த மகிழ்ச்சி புரியும். ஞாயிறு காலை பஸ்ஸில் அண்ணி கைகளை வெறுமனே வீசிக்கொண்டு உட்கார்ந்து வந்தார். கீரைப் பாட்டை முணுமுணுத்தார். நடுவில் திடீரென்று நிறுத்தி என் முழங்கையைப் பிடித்தார்.

“இத்த மட்டும் கேளு. இன்னிக்கி ஒக்காந்து கேட்டாங்கன்னா நான் பாட்டு எழுதறவ. எழுந்து போயிட்டாங்கன்னா நான் ரெண்டாவது கீபோர்டு. அவ்ளோதான். அப்புறமா நோட்ட மூடி வெச்சிடுவேன், நீ எந்த ஃபாரமும் எழுதக் கூடாது.”

நான் சரி என்றேன். ஆகவே பியானோவுக்குப் பொத்தான் இல்லை என்று தெரிந்தபோது, எனக்கு முதலில் அந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது.

அண்ணி முதலில் வெள்ளைக் கட்டைகளில் வழக்கமான இடத்தில் வாசித்துப் பாடிப் பார்த்தார். பொத்தான் இல்லாததால் அது ஒரு கட்டை சுருதி. அவருடைய குரலுக்கு மேலே போனால் எட்டாது, கீழே வந்தால் தாங்காது. மேலே போனபோது பால் குக்கர் விசிலடித்தது போல் இருந்தது. கீழே வந்தபோது எங்கள் தெருவுக்குப் பழைய இரும்பு வாங்க வருகிறவர் வந்துவிட்டார் என்றே தோன்றியது. மோட்டார் பாட்டின் முதல் வரியை இரண்டு விதமாகவும் பாடிவிட்டு அண்ணி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு பீறிட்டது. வேலை போகப்போகிறது என்று தெரிந்தவர்களுக்கு வரக்கூடாத சிரிப்பு. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி பியானோவின் மூடியில் நெற்றியை வைத்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

சிரித்து முடித்ததும் நான் யோசிக்க வேண்டியதை யோசித்தேன். “அண்ணி, மேனேஜர்கிட்ட உண்மைய சொல்லிடலாம். இன்னிக்கி மறைச்சு அது வெளிய தெரிஞ்சா, நாளைக்கு இங்க அப்ளை பண்ற அடுத்த பொண்ண நம்ப மாட்டாங்க.”

“அடுத்த பொண்ணு வரட்டும், அவளாண்ட நான் மன்னிப்பு கேட்டுக்கறேன். இப்ப வந்துகீற பொண்ணுக்கு ஒரு வழி சொல்லு.”

என்னால் அப்படி விட முடியவில்லை. பிழையைத் திருத்தாமல் விட்டால் அது எந்த நிமிடத்தில் பொய்யாக மாறுகிறது என்று எனக்குத் தெரியவில்லை, ஆனால் மாறும் என்று தெரிந்தது. மேலாளரைத் தேடிப் போனேன். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஒன்றாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் அன்றைய விருந்துக்குக் குடும்பங்களோடு வருவதாக இருந்தது. மேலாளர் ஒரு கையில் கைபேசியும் மறு கையில் இருக்கைப் பட்டியலுமாக வாசலில் நின்றிருந்தார்.

“மேடம், அந்தப் பியானோ பத்தி ஒரு விஷயம்…” என்று தொடங்கினேன்.

“ட்யூன் பண்ணியாச்சும்மா. போன வாரம்தான் ஆள் வந்தாரு. கவலையே படாதீங்க” என்று என் தோளைத் தட்டிவிட்டு, “கேக் வந்துருச்சா?” என்று கைபேசியிடம் கேட்டுக்கொண்டே போய்விட்டார்.

நான் வாயைத் திறந்தது மட்டும்தான் நடந்தது.

திரும்பி வந்தபோது அண்ணி முக்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தார். கைபேசியில் தம்புரா செயலியை ஐந்தரைக் கட்டையில் ஓடவிட்டிருந்தார். மனம் சரியில்லாவிட்டால் அவர் அப்படிச் செய்வது வழக்கம். துடைக்கும் அக்கா பியானோவுக்கு வந்து சேர்ந்திருந்தார். புதுப்பட்டினத்திலிருந்து தினமும் வருபவர் அவர். வெள்ளைக் கட்டைகளை முதலில் ஈரத் துணியால் ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தார். பிறகு காய்ந்த துணியை எடுத்து, கருப்புக் கட்டைகளின் மேல் மட்டும் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பாக இழுத்தார்.

ட்ரிங் என்று ஒரு வரிசை மேலேறிப் போயிற்று. தம்புராவின் மேல் அது அப்படியே உட்கார்ந்தது.

அண்ணி நிமிர்ந்தார். “அக்கா, இன்னொரு தபா தொடைங்க.”

“நல்லாத்தாம்மா தொடச்சேன்.”

“நல்லாத்தான் தொடச்சீங்க. அதனாலதான் கேக்கறேன், இன்னொரு தபா.”

அக்கா எங்களைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு மறுபடி இழுத்தார். “தெனைக்கும் இந்தச் சத்தந்தான் வருது. இன்னா, ரிப்பேரா?”

“ரிப்பேர் இல்லக்கா. மத்யமாவதி!” என்று அண்ணி எழுந்தே நின்றுவிட்டார். “பாப்பா, கருப்புக் கட்டை அஞ்சும் சேந்தா மத்யமாவதிடி! என் அஞ்சரைக் கட்டையிலயே ஆரம்பிக்குது! பட்டனே வேணாம்!”

ஐந்தரைக் கட்டை என்பதே ஒரு கருப்புக் கட்டைதான். அதிலிருந்து தொடங்கிக் கருப்பை மட்டும் தொட்டுக்கொண்டே போனால் ஒரு முழு ராகம் கிடைக்கிறது. தொடங்கும் இடத்தை ஒரு கருப்பு கீழே தள்ளி, நாலரைக் கட்டையில் வைத்துக்கொண்டால் அதே ஐந்து கட்டைகள் மோகனம் ஆகிவிடுகின்றன. எட்டு ஆண்டுகளாகப் பொத்தானை நம்பி வெள்ளையிலேயே நடந்தவருக்கு இது தெரியாமல் போனது. தினமும் துடைத்தவருக்குக் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

அடுத்த ஒன்றரை மணி நேரத்தைப் போல ஒரு ஒன்றரை மணி நேரம் என் வாழ்க்கையில் இல்லை. அண்ணி பதினொரு பாட்டுகளையும் கருப்புக்கு இழுத்துவந்தார். பழைய மெட்டில் இருந்த சில சுரங்கள் இந்த ராகத்தில் கிடையாது, அங்கெல்லாம் பக்கத்துச் சுரத்தில் கால் வைத்துத் தாண்டினார். “இந்தப் பாட்டுல க, த இல்ல. அடுத்த பாட்டுல ம, நி இல்ல. ரேஷன் கடை மாதிரி கீதுடி, அரிசி வந்தா பருப்பு வராது” என்றார். விரல்கள் ஒல்லியான கட்டைகளிலிருந்து வழுக்கி வழுக்கி வெள்ளையில் விழுந்தன. “ஓரமா போவாதம்மா, நடுவுல நட” என்று துடைக்கும் அக்கா யோசனை சொன்னார். அந்தக் கட்டைகளின் அகலம் அவருக்குத்தான் தெரியும். நான் நோட்டின் பக்கங்களைப் புரட்டி, எந்தப் பாட்டுக்குத் தம்புரா எத்தனை கட்டை என்று பென்சிலால் குறித்தேன். மேசைகளில் தட்டு வைத்தவர்கள் தாளத்துக்குத் தட்டு வைக்கத் தொடங்கினார்கள்.

விளைவுகளை யோசிப்பவள் என்று என்னைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அன்று கண்ணுக்கு நேரே இருந்த ஒரு விளைவை நானும் யோசிக்கவில்லை, அண்ணியும் யோசிக்கவில்லை. மத்யமாவதி என்று பெயர் சொன்னவரே அவர்தான். கச்சேரிகளில் அந்த ராகத்துக்கு இருக்கும் இடம் எங்கள் இருவருக்கும் தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை.

பன்னிரண்டரைக்குக் கூடம் நிரம்பிவிட்டது. பல ஊர்களிலிருந்து வேலைக்காக வந்து, கல்பாக்கத்திலேயே பணிக்காலத்தைக் கழித்தவர்கள். சபாக்களில் உட்கார்ந்து கேட்டுப் பழகிய காதுகள். மேலாளர் அண்ணியை அறிமுகம் செய்துவிட்டு வாசலோரம் போய் நின்றார். பழைய ஒலிபெருக்கியின் ரிமோட் அவர் கையில் இருந்தது.

அண்ணி புதிய விரல்களை நம்ப முடியாமல் மெதுவாகத் தொடங்கினார். இடது கை ச, ப என்ற இரண்டு சுரங்களையும் பிடித்துக்கொள்ள, கண்ணை மூடிக்கொண்டு வார்த்தையில்லாமல் நீளமாக ஒரு ராகம் இழுத்தார். அழகாக இருந்தது. அழகாக இருந்ததுதான் வினை.

முன் மேசையில் ஒருவர் கை கூப்பினார். அடுத்த மேசையில் ஒரு அம்மா கணவரிடம், “என்னங்க, பையை எடுங்க” என்றார். நாற்காலிகள் தரையில் உரசும் சத்தம் கேட்டது. ஒரு மேசை எழுந்தது, இரண்டாவது எழுந்தது, மூன்றாவது மேசைக்காரர்கள் செருப்பைத் தேடினார்கள். யாருக்கும் கோபமில்லை, அதிருப்தியில்லை. கச்சேரி முடிந்ததும் எழுந்திருப்பவர்கள் எழுந்தார்கள், அவ்வளவுதான். மேலாளரின் கண்கள் எழுந்தவர்களை எண்ணின. அவர் கட்டைவிரல் ரிமோட்டின் மேல் போயிற்று. எழுந்து போயிட்டாங்கன்னா சாரி.

அப்போதுதான் என் தலையில் அடித்தாற்போல் உறைத்தது. மத்யமாவதி. மங்களம் பாடும் ராகம். கச்சேரியின் கடைசியில் பாடுவது.

கையில் பாதி வடையோடு அந்த அம்மா நேரே பியானோவிடம் வந்துவிட்டார். “ஏம்மா, இப்பதானே ஆரம்பிச்சே? அதுக்குள்ள மங்களம் பாடிட்டியே! நான் இன்னும் பாயசத்துக்கே போகலை.”

அண்ணி கண்ணைத் திறந்தார். நின்றுகொண்டிருந்த மேசைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருடைய உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அவர் சிரித்தார். ஒலிவாங்கி வாயருகே இருந்ததால் அந்தச் சிரிப்பு கூடம் முழுக்கப் பெரிதாகக் கேட்டது. ஆனால் விரல்கள் நிற்கவில்லை.

“அம்மா,” என்றார் ஒலிவாங்கியிலேயே, “எல்லா கச்சேரியிலயும் மங்களம் வரதுக்கு முன்னாடி பாதி பேரு எழுந்து போயிடறாங்க. அதான் அத்த மொதல்லயே பாடிட்டேன். இனிமே போவறதுக்கு யாருக்கும் சாக்கு இல்ல. ஒக்காருங்க.”

யாரோ கைதட்டினார்கள். அண்ணி அதற்கு மேல் என்னைக் கேட்கவில்லை, என் நியாயத்தையும் கேட்கவில்லை. தாமாகவே எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார். “உள்ளத சொல்லிடறேங்க. நான் கீபோர்டுக்காரி. வூட்ல என் பொட்டிக்கு ஒரு பட்டன் கீது, சுருதிய அதுவே ஏத்தும், எறக்கும். இந்தப் பியானோவுக்கு அது இல்ல. ஒயர் எங்கன்னு காலையில இதுக்கு அடியில படுத்து தேடினேன். இங்க தொடைக்கற அக்காதான் கருப்புக் கட்டையில வழி காட்டினாங்க. அதனால இன்னிக்கி முழுக்க கருப்பு மட்டுந்தான். வெள்ளை லீவு.”

கூடம் வெடித்தது. ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் கையைத் தூக்கி, “அந்தப் பட்டனை வேணா நான் செஞ்சு தரட்டுமா? ஒரு வருஷம் டைம் குடு!” என்றார். “இவர் டைனிங் டேபிளுக்கே மூணு வருஷமா ஒரு கால் செஞ்சுகிட்டு இருக்கார்” என்றார் அவர் மனைவி. நாற்காலிகள் மறுபடியும் உரசின. இந்த முறை உள்ளே இழுக்கும் சத்தம்.

அண்ணி மோட்டார் பாட்டைத் தொடங்கினார்.

மோட்டார் போட்டாச்சு, குழாய் இருமியாச்சு,
பத்தே நிமிஷம் நான் ராணி,
பக்கெட் ரெண்டு என் படையம்மா,
பாதியில நின்னா யார் ராணி?

மங்களத்துக்குரிய ராகத்தில் தண்ணீர்ப் பஞ்சம். சிரிக்கவும் முடியாமல் கை கூப்பவும் முடியாமல் மக்கள் தவித்தார்கள். இரண்டாவது முறை பல்லவி வந்தபோது ‘யார் ராணி’ என்பதை முன் மேசைகள் சேர்ந்து பாடின. ஆர்கெஸ்ட்ரா தலைவர் சொன்ன தெரிந்த பாட்டு, என் கண் முன்னால், ஐந்து நிமிடத்தில் உருவாயிற்று.

“இப்ப கச்சேரி பின்பக்கமா போவுது” என்று அறிவித்துவிட்டு அண்ணி என் பக்கம் கையைக் காட்டினார். நான் தம்புராவை நாலரைக் கட்டைக்கு மாற்றினேன். மோகனத்தில் காலி மனைப் பாட்டு வந்தது.

நாலு பக்கம் கல்லு நட்டாங்க,
நடுவுல ஆடு மேயுது,
கொடி மட்டும் குடியேறிடுச்சு,
குடும்பம் எப்போ வரும்?

இதற்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. பலர் அந்தச் சாலையில் மனை வாங்கியிருந்தார்கள் போலும். கீரைப் பாட்டுக்குப் பெண்கள் மேசையின் விளிம்பில் தாளம் போட்டார்கள். விரல் வழுக்கி வெள்ளையில் விழும்போதெல்லாம் அண்ணி, “லீவுல வந்துட்டாரு” என்றார். மூன்றாவது தடவைக்குப் பிறகு கூடமே அதைச் சொன்னது. வடை அம்மா பாயசத்தைப் பியானோவின் பக்கத்திலேயே நின்று குடித்தார். துடைக்கும் அக்கா கதவோரம் நின்று, பக்கத்தில் இருந்த பரிமாறுபவரிடம், “அந்தச் சத்தம் நான் குடுத்தது” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினொன்றும் முடிந்த பிறகு, “மங்களத்துல ஆரம்பிச்சே, எதுல முடிப்பே?” என்று பொறியாளர் கேட்டார்.

“முடிவுல வரவேற்பு” என்றார் அண்ணி. “வாங்க, வாங்க” என்று இரண்டே வார்த்தைகளைத் துரித காலத்தில் பாடினார். “வந்தோம், வந்தோம்” என்று பாடிக்கொண்டே எல்லோரும் பைகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். மணி மூன்றேகால் ஆகியிருந்தது.

மேலாளர் ரிமோட்டை எங்கோ வைத்துவிட்டிருந்தார். அவர் எங்களிடம் வந்ததும், அண்ணி கூடத்துக்கே சொல்லிவிட்டிருந்தாலும், என் பங்கு தனியாக மிச்சமிருப்பதாக எனக்குத் தோன்றியது. “மேடம், படிவத்துல பியானோன்னு எழுதினது நான். அவங்க சொல்லி எழுதல. தெரியாம எழுதினேன், ஆனா காலையில தெரிஞ்ச பிறகும் சொல்லாம…”

“எந்தப் படிவம்?” என்றார் அவர்.

“நாங்க அனுப்பினது.”

“ஓ, அதுவா. பேரு, ஊரு, போன் நம்பர் பாத்தேன். கீழ இருந்ததெல்லாம் யாரும்மா படிக்கிறா?” என்று சொல்லிவிட்டு அண்ணியிடம் திரும்பினார். “அடுத்த ஞாயிறும் வந்துருங்க. அந்த மங்களத்துலயே ஆரம்பிங்க, கெஸ்ட் கேட்டுட்டுப் போயிருக்காங்க. ஆனா வெள்ளைக் கட்டைக்கும் சேத்துதான் மேடம் நாங்க பியானோ வாங்கி வெச்சிருக்கோம்.”

“அதுக்கு லீவு முடிஞ்சிடும் மேடம்” என்றார் அண்ணி, நிமிர்ந்து.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது அண்ணி என் கையைக் கோத்துக்கொண்டார். திருக்கழுக்குன்றம் பஸ்ஸுக்காகக் காத்து நின்றோம். யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் போதும், மறுபடி சிரிப்பு வந்துவிடும் என்று தெரிந்தது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் நடத்துநர் “எங்க?” என்று கேட்டார். “வாங்க வாங்க” என்றார் அண்ணி. அதோடு செங்கல்பட்டு வரை எங்களால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

அன்றிலிருந்து அண்ணி ஞாயிறுதோறும் அந்தக் கூடத்தில் தம் பாட்டுகளைப் பாடுகிறார். நோட்டில் இப்போது பத்தொன்பது பாட்டுகள் இருக்கின்றன. செங்கல்பட்டு ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாவது கீபோர்டுக்கு வேறு ஆள் வந்துவிட்டார். எங்கள் வீட்டுக் கீபோர்டில் அந்தப் பொத்தானின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. நான் யாருக்கு விண்ணப்பம் எழுதினாலும், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு சொல்லையும் படித்துக்காட்டிய பிறகுதான் அனுப்புகிறேன்.